22 நாள், 6 ஆட்டம்: கமாச்சோ ரியல் மாட்ரிட்டை இரண்டு முறை உதறியது ஏன்?

15 சீசன், 22 நாள், 6 ஆட்டம். மூன்றும் ஒரே ஆளுடைய கணக்கு, ஒரே கிளப்பில். ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கால்பந்து கிளப் சட்டையில் ஹோசே அந்தோனியோ கமாச்சோ ஆடியது 15 சீசன். 1998இல் அதே கிளப்புக்கு மேனேஜராக, அதாவது தலைமைப் பயிற்சியாளராக, வந்து 22 நாளில் கிளம்பினார். ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. 2004இல் மறுபடி கூப்பிட்டார்கள். 6 ஆட்டம் முடிந்ததும் எழுந்து போய்விட்டார்.

இதைக் கேட்டவுடன் வாயில் வருகிற பதில் ஒன்று உண்டு: முன்கோபி, ஓரிடத்தில் நிலைக்கத் தெரியாதவர். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. 22 வயதில் முழங்கால் போய், ஏறக்குறைய 2 ஆண்டு வெளியே உட்கார்ந்து, திரும்பி வந்து இன்னும் 9 சீசனுக்கு மேல் அதே இடத்தில் ஆடிய மனிதர் அவர். அப்படிப்பட்டவருக்கு 4 மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கத் தெரியாதா? தெரியும். ஏன் இருக்கவில்லை என்பதுதான் கேள்வி. அதற்கு அவர் ஆடிய விதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நிழல் வேலை

1955 ஜூன் 8 அன்று முர்சியா பகுதியில் சியேசா என்ற ஊரில் பிறந்தார். செகுரா ஆற்றங்கரை ஊர். பீச் பழத் தோட்டங்களுக்குப் பெயர் போனது. அல்பசெட்டே கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த பையனை 1973இல் ரியல் மாட்ரிட் எடுத்தது. அடுத்த ஆண்டே முதல் அணி. அப்போது அவருக்கு 18 வயது.

அவர் ஆடிய இடம் லெஃப்ட் பேக், இடது பக்கத் தடுப்பு ஆட்டக்காரர். ஆனால் அவர் பெயர் வாங்கியது ஆளை ஒட்டி ஆடுவதில். 1970களில் ஆளுக்கு ஆள் என்றால் நிஜமாகவே ஆளுக்கு ஆள்தான். இன்றைய அணிகள் இடத்தைக் காக்கின்றன. பந்து போகிற பக்கம் மொத்த வரிசையும் சேர்ந்து நகரும். அன்றைக்கு மேனேஜர் காலையில் ஒரு பெயரைச் சொல்வார். மாலையில் அந்தப் பெயர் எங்கே போகிறதோ அங்கே போக வேண்டியது உன் வேலை. அவன் ஓரத்துக்கு ஒதுங்கினால் நீயும் ஒதுங்கு. அவன் தன் பாதிக்கு இறங்கினால் நீயும் இறங்கு. அவன் குனிந்து ஷூ லேஸ் கட்டினால் பக்கத்தில் நில். பந்து எங்கே இருக்கிறது என்பதெல்லாம் இரண்டாவது கவலை. கமாச்சோவுக்கு இளம் வயதிலேயே வந்து சேர்ந்த பெயர்களில் ஒன்று, பார்சிலோனாவின் டச்சு நட்சத்திரம் யோஹான் க்ரைஃப்.

இந்த வேலைக்கு ஒரு குணம் உண்டு. 89 நிமிடம் ஒட்டிக்கொண்டு 1 நிமிடம் விட்டால், நாளைக்குப் பத்திரிகையில் அந்த 1 நிமிடம்தான் வரும். அதனால் இதில் ஊறியவர்களுக்குப் பாதி வேலை என்பது பிடிபடாது. பிடித்தால் முழுசாகப் பிடிக்க வேண்டும். முடியாதென்றால் வேறு ஆளைப் போடச் சொல்லிவிட வேண்டும். கமாச்சோ மேனேஜரான பிறகு எடுத்த முடிவுகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த லெஃப்ட் பேக்தான் எனக்கு ஞாபகம் வருகிறார்.

1978 ஜனவரியில் பயிற்சியில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் ஆட்ட வாழ்க்கையின் முடிவு. இன்றைய அறுவை நுட்பமும் கிடையாது, இன்றைய மறுபயிற்சியும் கிடையாது. அர்ஜென்டினா உலகக் கோப்பை போயிற்று. ஏறக்குறைய 2 ஆண்டு போயிற்று. திரும்பி வந்தார். வந்து 1989 வரை ஆடினார். மொத்தம் 9 லீக் பட்டம், 5 ஸ்பெயின் கோப்பை, 1985, 1986 என்று அடுத்தடுத்து 2 யூஈஎஃப்ஏ கோப்பை (ஐரோப்பியக் கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டி). லீக்கில் மட்டும் 414 ஆட்டம்.

கிடைக்காதது ஒன்றுதான்: ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சப் போட்டியான ஐரோப்பியக் கோப்பை, இன்றைய சாம்பியன்ஸ் லீக். அதுவும் கைக்கு எட்டி நழுவியது. 1981 மே 27, பாரிஸ், லிவர்பூலுக்கு எதிரான இறுதி ஆட்டம். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கமாச்சோ தனியாகப் பந்தோடு உள்ளே போய்விட்டார். எதிரே கோல்கீப்பர் ரே க்ளெமென்ஸ் மட்டும், அதுவும் கோலை விட்டு முன்னே வந்து நிற்கிறார். கமாச்சோ பந்தை அவர் தலைக்கு மேலே தூக்கினார். க்ளெமென்ஸைத் தாண்டிய பந்து கம்பத்தையும் தாண்டிப் போனது. 82ஆவது நிமிடத்தில் ஆலன் கென்னடி அடித்த கோலில் லிவர்பூல் 1-0. அடிக்க வேண்டிய இடத்தில் டிஃபெண்டர் வந்து நின்றால் இப்படித்தான் ஆகும் என்று சொல்வது சுலபம். ஆனால் அந்த இறுதியில் ரியல் மாட்ரிட்டுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு அதுதான், அதை உண்டாக்கிக்கொண்டவரும் அவர்தான்.

ஸ்பெயினுக்காக 81 ஆட்டம். ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ போட்டியின் 1984 இறுதியில் பிரான்ஸிடம் 0-2. 1986 மெக்சிகோ உலகக் கோப்பையில் கேப்டன். காலிறுதியில் பெல்ஜியத்திடம் பெனால்டி ஷூட்அவுட்டில் வெளியே. அந்தத் தேதியை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: ஜூன் 22.

முதல் 22 நாள்

மேனேஜராக ஆரம்பம் நன்றாகவே இருந்தது. மாட்ரிட்டின் உழைப்பாளர் பேட்டையான வயேகாஸில் இருக்கிற ராயோ வயெகானோவை 1992இல் முதல் டிவிஷனுக்கு ஏற்றினார். அடுத்து பார்சிலோனா நகரின் இன்னொரு கிளப்பான எஸ்பான்யோல்: 1994இல் இரண்டாம் டிவிஷன் பட்டத்தோடு மேலே கொண்டுவந்தார், 1995-96இல் லீக்கில் 4ஆம் இடம். செவியா கிளப் வேலை பாதியில் முடிந்தது. அந்த சீசன் கடைசியில் அந்த அணி கீழே இறங்கியது. மறுபடி எஸ்பான்யோல், ஒரு சீசன்.

1998 மே 20 அன்று ஆம்ஸ்டர்டாமில் யுவென்டஸை 1-0 என்று வென்று ரியல் மாட்ரிட் 32 ஆண்டுக்குப் பிறகு ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. அந்த 32 ஆண்டு வறட்சிக்குள்தான் கமாச்சோவின் ஆட்ட வாழ்க்கை மொத்தமும் அடங்கும். கோப்பையை வாங்கித்தந்த யூப் ஹெய்ன்கெஸ், லீக்கில் 4ஆம் இடம் வந்ததற்காக அனுப்பப்பட்டார். அந்த நாற்காலிக்குத்தான் கமாச்சோ வந்தார்.

தகராறு ஆட்டத்தைப் பற்றியதே இல்லை. தன்னோடு வேலை செய்கிற உதவிக் குழுவைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். உடற்பயிற்சியாளர் விஷயத்தில் தலைவர் லொரென்சோ சான்ஸோடு ஒத்துப்போகவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அற்ப விஷயம். ஐரோப்பிய சாம்பியன் அணியை ஒரு உடற்பயிற்சியாளருக்காக விடுவார்களா?

ஆனால் ஒரு மேனேஜரின் அன்றாடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு ஆட்டக்காரர் கால் பிடித்துக்கொள்கிறது என்கிறார். அது நிஜமா, சாக்கா, 2 நாள் ஓய்வு போதுமா, ஞாயிற்றுக்கிழமை இறக்கலாமா என்று காதோடு சொல்கிற ஆள் அந்தப் பயிற்சியாளர்தான். அவர் தலைவருடைய ஆளா, உன்னுடைய ஆளா என்பது சின்ன விஷயம் இல்லை. முதல் வாரத்திலேயே அதை விட்டுக்கொடுத்தால், அப்புறம் அணித் தேர்விலும் கை வைப்பார்கள். இது என் ஊகம்தான், ஆனால் முழங்காலை இழந்து மீட்டவர் உடற்பயிற்சியாளரை ஏதோ ஒரு பதவி என்று நினைத்திருக்க மாட்டார்.

அவர் விட்டுப் போன நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் டச்சுக்காரர் குஸ் ஹிடிங்க். டிசம்பரில் டோக்கியோவில் கண்டங்களுக்கிடையேயான கோப்பையை வென்றார். பிப்ரவரியில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். அந்த நாற்காலியின் லட்சணம் அவ்வளவுதான். கமாச்சோ 22 நாளில் புரிந்துகொண்டார், ஹிடிங்குக்கு 7, 8 மாதம் பிடித்தது என்றும் சொல்லலாம்.

4 ஆண்டு இருந்த இடம்

1998 செப்டம்பர் 5. யூரோ தகுதிச் சுற்றில் ஸ்பெயின் சைப்ரஸிடம் 2-3 என்று தோற்றது. தேசிய அணி மேனேஜர் ஹாவியர் க்ளெமென்டே போனார், கமாச்சோ வந்தார். அடுத்த மார்ச்சில் வலென்சியாவில் ஆஸ்திரியாவுக்கு எதிராக 9-0. செப்டம்பரில் பதாஹோஸில் அதே சைப்ரஸுக்கு 8 கோல்.

முன்கோபி, நிலைக்காதவர் என்ற ஆள் இங்கே 4 ஆண்டு இருந்தார். காரணம் தெளிவு. தேசிய அணியில் ஆளை வாங்கித் தருகிற தலைவர் கிடையாது. இன்னாரை ஆடவிடு என்று சட்டை விற்பனைக் கணக்கைக் காட்டுகிற ஆளும் கிடையாது. இருக்கிறவர்களில் நீ கூப்பிடுகிறவன்தான் அணி. அவர் கூப்பிட்டு முதல் ஆட்டம் கொடுத்தவர்களைப் பாருங்கள்: 2000 ஜூனில் ஸ்வீடனுக்கு எதிராக இக்கேர் காசியாஸ். அதே ஆண்டு நவம்பரில் செவியாவில், நெதர்லாந்துக்கு எதிராக, ஒரே நாளில் சாவியும் கார்லெஸ் புயோலும்.

யூரோ 2000இல் யூகோஸ்லாவியாவிடம் 2-3 என்று பின்தங்கி, காயநேரத்தில் மெந்தியேட்டாவின் பெனால்டியும் அல்ஃபோன்ஸோவின் கோலுமாக 4-3 என்று ஜெயித்தார்கள். 4 நாள் கழித்து அதே ப்ரூஹ் மைதானத்தில் பிரான்ஸோடு காலிறுதி. 1-2 என்ற நிலையில் கடைசி நிமிடத்தில் ஸ்பெயினுக்குப் பெனால்டி. வழக்கமாக அடிக்கிற மெந்தியேட்டா அப்போது பெஞ்சில். இரண்டாம் பாதியில் கமாச்சோ அவரை எடுத்துவிட்டு ஸ்ட்ரைக்கர் உர்சைஸை இறக்கியிருந்தார். ரௌல் அடித்தார். பந்து கம்பத்துக்கு மேலே.

மாற்று ஆட்டக்காரர் விஷயத்தில் கமாச்சோவுக்கு ராசி இல்லை என்பார்கள். ராசி என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. 2002 உலகக் கோப்பையில் அயர்லாந்து ஆட்டத்தைப் பாருங்கள். 1-0 முன்னிலையில் மோரியென்டஸையும் ரௌலையும் வெளியே எடுத்தார். முன்னே நின்று பந்தைப் பிடித்துவைக்க ஆள் இல்லை. கடைசி நிமிடத்தில் பெனால்டி கொடுத்து 1-1. கூடுதல் நேரத்தில் அல்பெல்டா காயப்பட்டபோது மாற்ற ஆளே மிச்சமில்லை, 10 பேரோடு ஓட்டினார்கள். ஷூட்அவுட்டில் காசியாஸ் காப்பாற்றியதால் அது இன்று நல்ல கதையாக இருக்கிறது. முன்னிலை கிடைத்ததும் கதவைச் சாத்துகிற டிஃபெண்டர் புத்தி அது; சாத்தின கதவில் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. மெந்தியேட்டா விஷயம் வேறு. அங்கே கோல் வேண்டிப் போனார், யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

குவாங்ஜு

2002 ஜூன் 22, சனிக்கிழமை. கொரியாவின் குவாங்ஜு நகரில் பிற்பகல் மூன்றரை, இந்திய நேரம் சரியாக நண்பகல் 12. தென் கொரியா, ஸ்பெயின், உலகக் கோப்பைக் காலிறுதி. 16 ஆண்டு முன்பு கேப்டனாக அவர் பெல்ஜியத்திடம் தோற்ற அதே தேதி. இடையில் 1996 யூரோவிலும் ஸ்பெயின் இங்கிலாந்திடம் ஷூட்அவுட்டில் வெளியேறியது ஜூன் 22 அன்றுதான்.

எதிர் பெஞ்சில் யார்? குஸ் ஹிடிங்க்.

அந்த நாளின் வெக்கையை ஸ்கோர் சொல்லாது, கமாச்சோவின் சட்டை சொல்லும். நீலச் சட்டை. இரண்டு அக்குளிலும் வியர்வை வட்டமாகக் கறுத்து, ஆட்டம் போகப் போக விரிந்துகொண்டே வந்தது. கேமரா அதைத் திரும்பத் திரும்பக் காட்டியது. இன்றுவரை ஸ்பெயினில் அவரை நக்கலடிக்க அந்தப் படம் போதும். எனக்கு அது நக்கலாகப் படவில்லை. கோட்டு போட்டு அசையாமல் நிற்கிற மேனேஜர் அவர் கிடையாது. மைதான எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று ஆட்டத்தை உடம்பால் ஆடிக்கொண்டிருந்தார்.

அயர்லாந்து ஆட்டத்தில் பட்ட காயத்தால் ரௌல் இல்லை. இரண்டாம் பாதி தொடக்கத்தில் ஸ்பெயினின் ஃப்ரீ கிக்கிலிருந்து வந்த பந்து தலையில் பட்டு வலைக்குள் போனது. எகிப்து ரெஃபரி கமால் அல் கந்தூர் ஃபவுல் என்று விசில் அடித்தார். 90 நிமிடம் 0-0. கூடுதல் நேரம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் 20 வயது ஹுவாக்கின் வலது ஓரத்தில் எதிராளியைக் கடந்து, கோல் கோட்டு ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கினார். மோரியென்டஸ் தலையால் அடித்தார், கோல். ஆனால் லைன்ஸ்மேனின் கொடி ஏற்கெனவே மேலே. பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டதாம். மறு ஒளிபரப்பில் பார்த்தவர்களுக்குப் பந்து உள்ளேயே இருந்தது.

ஒரு விஷயத்தை இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அப்போது தங்க கோல் விதி இருந்தது. கூடுதல் நேரத்தில் யார் முதலில் அடித்தாலும் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. அந்தக் கொடி ஏறாமல் இருந்திருந்தால் ஸ்பெயின் அரையிறுதியில். அப்புறம் மோரியென்டஸின் இன்னொரு அடி கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

ஷூட்அவுட். கொரியா 5 பேரும் அடித்தார்கள். ஸ்பெயினுக்கு யேரோ, பராஹா, சாவி அடித்தார்கள். அன்று மைதானத்தில் எல்லாரையும்விட நன்றாக ஆடிய ஹுவாக்கின், காலை இழுத்துக்கொண்டு வந்து அடித்த 4ஆவதை லீ வூன் ஜே தடுத்தார். ஹோங் மியுங் போ கடைசியை வலைக்குள் போட்டார். ஹிடிங்க் அரையிறுதிக்குப் போனார். கமாச்சோ ஊருக்குப் போய் ராஜினாமா செய்தார்.

கவனியுங்கள், ஒப்பந்தம் பிடுங்கப்படவில்லை. பாதிக்கப்பட்டவர் என்ற அனுதாபம் நாடு முழுக்க இருந்தது. அதை வைத்து இன்னும் 2 ஆண்டு ஓட்டியிருக்கலாம்.

லிஸ்பன்

2002 நவம்பரில் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரக் கிளப்பான பென்ஃபிகா. பெரிய பெயர், காலியான அலமாரி. 1996க்குப் பிறகு ஒரு கோப்பைகூட வராத கிளப். எதிரே போட்டிக் கிளப்பான போர்டோவில் மேனேஜர் ஹோசே மொரின்யோ உச்சத்தில் இருந்தார். 2 சீசனும் கமாச்சோவுக்கு 2ஆம் இடம்.

2004 ஜனவரி 25, கிமராய்ஷ் நகரம், மழை. கமாச்சோ இரண்டாம் பாதியில் ஹங்கேரிக்காரர் மிக்லோஷ் ஃபெஹேரை இறக்கினார். கடைசி நிமிடத்தில் வந்த கோலில் ஃபெஹேருக்கும் பங்கு இருந்தது. சற்று நேரத்தில் ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதற்காக மஞ்சள் அட்டை. ரெஃபரியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு முழங்காலில் கையூன்றிக் குனிந்தார், அப்படியே மல்லாக்க விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. 24 வயது. அவருடைய 29ஆம் எண் சட்டையை பென்ஃபிகா அதன்பின் யாருக்கும் தருவதில்லை.

இப்படி ஒரு அணியைத் தூக்கி நிறுத்துவதற்குப் பயிற்சி முறை என்று எதுவும் கிடையாது. மே 16 அன்று போர்ச்சுகல் கோப்பை இறுதியில், 10 நாள் கழித்து ஐரோப்பிய சாம்பியன் ஆகப்போகிற மொரின்யோவின் போர்டோவை, கூடுதல் நேரத்தில் 2-1 என்று பென்ஃபிகா வென்றது. கமாச்சோவின் மேனேஜர் வாழ்க்கையில் ஒரு முழு நாள் சொல்லச் சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன்.

அந்த மாதமே ரியல் மாட்ரிட் கூப்பிட்டது.

6 ஆட்டம்

2004 கோடையில் அந்த டிரஸ்ஸிங் ரூமில் யார் யார்? ஜிடான், ஃபிகோ, ரொனால்டோ, பெக்கம், ரௌல், ராபர்ட்டோ கார்லோஸ். தலைவர் ஃப்ளோரென்டினோ பெரெஸ் ஆண்டுக்கு ஒரு நட்சத்திரம் என்று சேர்த்த கூட்டம். முந்தைய ஆண்டு மக்கெலெலேயை விற்றுவிட்டார்கள். நடுவில் ஓடித் தடுக்க ஆள் இல்லை. 2003-04 லீக்கில் கடைசி 5 ஆட்டமும் தோற்று 4ஆம் இடம். டிஃபெண்டர் ஒருவரைக் கூட்டிவந்து ஒழுங்குபடுத்தலாம் என்று நினைத்தது தவறான யோசனையும் இல்லை.

வாங்கிய ஆட்கள்: ரோமாவிலிருந்து டிஃபெண்டர் வால்டர் சாமுவெல். சரி. நியூகாசிலிலிருந்து ஜோனதன் வுட்கேட், வரும்போதே காயத்தோடு. ஆர்செனலின் பாட்ரிக் வியெரா வருவார் என்ற பேச்சு பேச்சாகவே போனது. அவர் வந்திருந்தால் மக்கெலெலே விட்ட ஓட்டை அடைபட்டிருக்கும். கடைசியில் வந்தவர் மைக்கேல் ஓவன். ரொனால்டோவும் ரௌலும் இருக்கிற அணிக்கு இன்னொரு ஸ்ட்ரைக்கர். கூரை ஒழுகுகிறது என்று சொன்ன வீட்டுக்குப் புது சோஃபா வந்த மாதிரி.

சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் போலந்தின் விஸ்லா கிராகோவை இரண்டு முறையும் வென்றார்கள். லீக்கில் மயோர்கா, நுமான்சியா, இரண்டும் 1-0. ஸ்கோர் அட்டையில் 4 ஆட்டம், 4 வெற்றி. செப்டம்பர் 15, லெவர்குசென்: 0-3. செப்டம்பர் 18, பார்சிலோனாவில் அவருடைய பழைய எஸ்பான்யோல்: 0-1. அந்த ஆட்டத்துக்குப் பெரிய பெயர்கள் சிலரை பெஞ்சில் உட்கார வைத்துப் பார்த்தார். அதுவும் பலிக்கவில்லை. 20ஆம் தேதி முடிந்துவிட்டது.

6 ஆட்டத்தில் 4 வெற்றி, 2 தோல்வி. எந்தக் கிளப்பும் இதற்காக ஆளை அனுப்பாது. அனுப்பவும் இல்லை, அவரே போனார். இந்த ஆட்டக்காரர்களிடமிருந்து தனக்கு வேண்டியதைத் தன்னால் வாங்க முடியவில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இங்கே 1998க்கும் 2004க்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. முதல் முறை தலைவரோடு ஒத்துப்போகாமல் போனார். இரண்டாம் முறை தலைவர் தொந்தரவு கொடுத்ததாகப் பெரிய தகராறு எதுவும் வெடிக்கவில்லை. டிரஸ்ஸிங் ரூம்தான் நகரவில்லை. ஓடாதவனை ஓடவைக்க அவரிடம் இருந்த கருவி குரல். ராயோவில் அது போதும், எஸ்பான்யோலில் போதும். அங்கே கத்துகிறவர் 81 ஆட்டம் ஆடிய கமாச்சோ. இங்கே எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் உலகக் கோப்பையும், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தும் வீட்டில் வைத்திருப்பவர்கள். அதட்டலால் ஆகாது, கெஞ்சுவது அவருக்கு வராது, நடுவில் தட்டிக்கொடுத்துக் காரியம் சாதிக்கிற வழியை அவர் பழகவே இல்லை. விசென்டே தெல் போஸ்கே இதே கூட்டத்தை வைத்துக் குரல் உயர்த்தாமல் கோப்பை ஜெயித்தவர். அவரும் கமாச்சோவும் ஒரே அணியில், ஒரே காலத்தில் ஆடியவர்கள். ஒருவர் நடுவில் நின்று பந்தைக் கொடுத்து வாங்கினார், ஒருவர் எதிராளியை விடாமல் துரத்தினார். இதை ரொம்பவும் இழுத்துப் பார்க்கக் கூடாதுதான், ஆனாலும் கண்ணில் படுகிறது.

அவர் போனதால் நிலைமை மாறியதா என்றால், இல்லை. அடுத்து வந்த கார்சியா ரெமோன் டிசம்பர் கடைசிவரை. பிறகு பிரேசில்காரர் லக்சம்பர்கோ. அந்த சீசனில் ஒரு கோப்பையும் இல்லை. 6 ஆட்டத்தில் அவர் பார்த்ததை மற்றவர்கள் முழு சீசன் எடுத்துப் பார்த்தார்கள்.

சரி, அதற்காக அவர் செய்தது சரியா? நான் அவர் பக்கம் முழுசாக இல்லை. செப்டம்பரில் எழுந்து போகிற மேனேஜர், கோடையில் தன்னை நம்பி வந்த சாமுவெல் போன்றவர்களையும் நடுவில் விட்டுத்தான் போகிறார். கோடையில் வியெரா வராமல் ஓவன் வந்த அன்றே போயிருந்தால் அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும்.

பொருந்தாத பாகம்

2007 ஆகஸ்டில் பென்ஃபிகாவுக்குத் திரும்பினார். 2008 மார்ச்சில் அங்கேயும் தானே விலகினார். இதுவரை என் வாதம் பிசகில்லாமல் ஓடுகிறது. ஸ்பெயினின் பம்ப்லோனா நகரக் கிளப்பான ஒசாசுனாவில் வேறு விதம். 2008 அக்டோபரில் கடைசி இடங்களில் தவித்த அணியை எடுத்து, சீசனின் கடைசி நாளில் பம்ப்லோனாவில் ரியல் மாட்ரிட்டை 2-1 என்று வென்று டிவிஷனில் தக்கவைத்தார். 2011 ஜனவரி 30 அன்று மொரின்யோவின் ரியல் மாட்ரிட்டை 1-0. ஏறக்குறைய 2 வாரம் கழித்து அவரை வேலையிலிருந்து எடுத்தார்கள். உதறிவிட்டுப் போன கிளப்பை ஜெயித்துக்கொண்டே இருந்தார். இருக்க நினைத்த கிளப் அவரை அனுப்பியது.

அப்புறம் சீனாவின் தேசிய அணி. என் வாதத்துக்கு முழுசாக எதிராக நிற்கிற வேலை அது. 2011 ஆகஸ்டில் 3 ஆண்டு ஒப்பந்தம். ஆசியத் தகுதிச் சுற்றில் ஈராக்கும் ஜோர்டானும் முன்னேற, சீனா வெளியே. 2012 செப்டம்பரில் ரெசிஃபேயில் பிரேசிலிடம் 0-8. 2013 ஜூன் 15 அன்று ஹெஃபெய் நகரில், சொந்த மண்ணில், பெரும்பாலும் இளைஞர்களை இறக்கிய தாய்லாந்திடம் 1-5. மைதானத்துக்கு வெளியே ரசிகர்கள் கொந்தளித்தார்கள். ரியல் மாட்ரிட்டில் 4 வெற்றி 2 தோல்விக்கு எழுந்து போனவர், இங்கே 0-8க்கும் போகவில்லை. அனுப்பினார்கள், இழப்பீட்டுத் தொகை பற்றி இழுபறி வேறு.

பணம் என்று ஒரே சொல்லில் முடிக்கலாம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் ரியல் மாட்ரிட்டில் ஆட்டம் கெட்டால் அது அவருடைய வீடு கெட்டது. சீனாவில் ஆட்டம் கெட்டால் அது வேலை கெட்டது, அவ்வளவுதான். சொந்த வீட்டில் சாப்பாடு சரியில்லை என்றால் தட்டைத் தள்ளிவிட்டு எழுவோம், ஓட்டலில் எழ மாட்டோம்.

கடைசியாக ஆப்பிரிக்க நாடான காபோனின் தேசிய அணி. 2016 டிசம்பரில் சேர்ந்து ஒரு மாதத்தில், காபோன் தன் மண்ணில் நடத்திய ஆப்பிரிக்கக் கோப்பை. நட்சத்திர ஸ்ட்ரைக்கர் ஔபமெயாங் இருந்தும் 3 ஆட்டமும் டிரா, வெளியே. 2018இல் அதுவும் முடிந்தது.

இடையில் ஒரு நாள் மட்டும் பாக்கி. 2010 ஜூலை 11, ஜோஹனஸ்பர்க், நெதர்லாந்துக்கு எதிரான உலகக் கோப்பை இறுதி. கமாச்சோ ஸ்பெயின் தொலைக்காட்சியில் வர்ணனைக்கு உதவியாக உட்கார்ந்திருந்தார். கீழே கோலில் காசியாஸ், பின்னே புயோல், நடுவே சாவி. மூன்று பேருக்கும் முதல் ஆட்டம் கொடுத்தவர் அவர்தான். பெஞ்சில் மேனேஜராக தெல் போஸ்கே. 2 ஆண்டு முன்பு, 2008இல், இத்தாலியை ஷூட்அவுட்டில் வென்று ஸ்பெயின் அந்த ஜூன் 22 பீடையையும் கழித்துவிட்டிருந்தது. 116ஆவது நிமிடத்தில் பந்து ஆந்த்ரேஸ் இனியெஸ்டாவுக்கு வந்தது. இனியெஸ்டா ஒரு தட்டில் பந்தைக் கட்டுப்படுத்தி, அது எழும்பி இறங்குகிற வரை காத்திருந்து அடித்தார். வர்ணனையாளர் வேலை என்ன நடந்தது என்று விளக்குவது. கமாச்சோ எதையும் விளக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினார்: "இனியெஸ்டா தே மி விதா!" என் உயிரே இனியெஸ்டா!